செயலாளர் ஆண்டறிக்கை: 2024–25 ரக்பி பருவம்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயற்குழு நண்பர்களே, இன்று வருகை தந்திருக்கும் உறுப்பினர்களே,

வேல்ஸின் லனெல்லி நகரில் இயங்கிவரும் நமது ஸ்கார்லெட்ஸ் ரக்பி அணி ஆதரவாளர் சங்கத்தின் ஆண்டறிக்கையைப் பொதுக்குழுவின் முன் பணிவுடன் வைக்கிறேன். ஆகஸ்ட் மாதம் நடந்திருக்க வேண்டிய கூட்டம் நவம்பர் வரை தள்ளிப்போனதற்குக் கோரம் (கூட்டம் நடத்தத் தேவையான குறைந்தபட்ச வருகை) சேராததே காரணம் என்பதும், கோரம் சேராததற்குக் காரணமானவர்கள் இன்றும் இங்கே இல்லை என்பதும் குறிப்பேட்டில் பதிவாக வேண்டிய செய்திகள். மருத்துவமனையில் இரவுப் பணி பார்ப்பவர்களைப் பற்றி நான் எதுவும் சொல்லவில்லை. அவர்கள் முன்கூட்டியே தகவல் தந்துவிடுகிறார்கள்.

மாதக் கூட்டங்கள் விதிப்படி நடந்தன. கிறிஸ்துமஸ் விருந்து நடந்தது. வினாடி வினாப் போட்டி நடந்தது. நடுவரின் தீர்ப்பு குறித்து வந்த புகார் திரும்பப் பெறப்பட்டது. மறைந்த உறுப்பினர்களுக்கு அஞ்சலி செலுத்தப்பட்டது.

ஆடுகளத்தைப் பொறுத்தவரை இது நாம் குறைசொல்ல முடியாத பருவம். ஐக்கிய ரக்பி சாம்பியன்ஷிப் லீகின் பதினாறு அணிகளுள் எட்டாவது இடம் பிடித்து நம் அணி காலிறுதிக்குச் சென்றது. அதே இடத்தின் பயனாக ஐரோப்பிய சாம்பியன்ஸ் கோப்பைக்கும் தகுதி பெற்றது. ஏப்ரலில் பார்க் இ ஸ்கார்லெட்ஸ் அரங்கில் லெய்ன்ஸ்டர் அணியை 35–22 என்று வென்ற மாலை பற்றி நான் விவரிக்கத் தேவையில்லை. அன்று அரங்கில் இல்லாத உறுப்பினர்கள்கூட இருந்ததாகவே பேசிக்கொள்கிறார்கள். மே இறுதியில் டப்ளின் காலிறுதியில் அதே லெய்ன்ஸ்டர் 33–21 என்று கணக்கைத் தீர்த்துக்கொண்டது. அவர்களே பிறகு இறுதி ஆட்டத்தில் புல்ஸ் அணியை வென்று லீக் கோப்பையையும் எடுத்துச் சென்றதால், தோற்றது சாம்பியனிடம்தான் என்ற ஆறுதல் நமக்கு உண்டு.

மே மாதத்தில் ஐரோப்பாவின் இரு கோப்பைகளின் இறுதி ஆட்டங்களும் கார்டிஃபின் பிரின்சிபாலிட்டி அரங்கில் அடுத்தடுத்த நாட்களில் நடைபெற்றன. சேலஞ்ச் கோப்பையில் லியோனை பாத் வென்றது. மறுநாள் நார்தாம்ப்டனை 28–20 என்று வென்று போர்தோ பேக்ல் முதன்முறையாக சாம்பியன்ஸ் கோப்பையை ஏந்தியது. இதற்கென சங்கம் ஏற்பாடு செய்த பேருந்துக்குப் பெயர் கொடுத்தவர்களில் கணிசமானோர், நம் அணி ஆடாத ஆட்டத்துக்கு எதற்குப் போவது என்று கடைசி வாரத்தில் விலகிக்கொண்டனர். ஐரோப்பிய ரக்பியைப் பின்தொடர்வது சங்கத்தின் நோக்கங்களில் ஒன்று என்று விதிமுறைகளின் இரண்டாம் பக்கத்தில் எழுதப்பட்டிருக்கிறது. வெற்று இருக்கைகளுக்கும் பேருந்து நிறுவனம் கட்டணம் வாங்கத்தான் செய்தது.

இனி, இந்த ஆண்டின் முதன்மைப் பணியான ஐரோப்பியப் பதிவேட்டுக்கு வருகிறேன். இதைச் செயலாளரின் சொந்தப் பொழுதுபோக்கு என்று சிலர் குறிப்பிடுவதாக அறிகிறேன். செயற்குழுத் தீர்மானத்தின்படி தொடங்கப்பட்ட பணி இது. அந்தத் தீர்மானத்தை எதிர்த்து அன்று ஒரு குரலும் எழவில்லை.

லனெல்லி என்ற பெயரிலும் பின்னர் ஸ்கார்லெட்ஸ் என்ற பெயரிலும் நாம் ஐரோப்பாவில் ஆடிய ஒவ்வோர் ஆட்டத்தையும், நாள், இடம், ஆடியோர், புள்ளிகள், நேரில் கண்ட உறுப்பினரின் குறிப்பு ஆகியவற்றுடன் ஒரே இடத்தில் எழுதிவைப்பதே இதன் நோக்கம். முதல் தொகுதி 1996–97 பருவத்தில் தொடங்குகிறது. ரக்பி யூனியன் தொழில்முறை ஆட்டமாக மாறிய 1995-இல், இன்றைய சாம்பியன்ஸ் கோப்பையின் முன்னோடியான ஹைனெகன் கோப்பை தொடங்கியபோது வேல்ஸ் அனுப்பிய அணிகள் கார்டிஃப், சுவான்சி, பாண்டிபிரித் ஆகிய மூன்றுமே. அவற்றுள் கார்டிஃப் 1996 ஜனவரி 7 அன்று தன் சொந்த ஆர்ம்ஸ் பார்க்கில் இறுதி ஆட்டத்தை ஆடி, கூடுதல் நேரத்தில் தூலூஸிடம் 21–18 என்று தோற்றது. அன்றிலிருந்து இன்றுவரை வேறெந்த வேல்ஸ் அணியும் அக்கோப்பையின் இறுதி ஆட்டத்தை எட்டியதில்லை. கார்டிஃப் 2010-லும் 2018-லும் வென்றது இரண்டாம் நிலையான சேலஞ்ச் கோப்பையைத்தான்.

நாமோ நான்கு முறை அரையிறுதி வாசலில் நின்றோம். 2000-இல் ரெடிங்கில், 28–28 என்று சமனில் இருந்த ஆட்டத்தைக் கடைசி நேரப் பெனால்டி ஒன்றால் நார்தாம்ப்டன் பறித்தது. 2002-இல் நாட்டிங்ஹாமில் லெஸ்டரின் டிம் ஸ்டிம்ப்சன் தன் பாதிக் களத்திலிருந்து உதைத்த பந்து குறுக்குக் கம்பத்திலும் கோல் கம்பத்திலும் பட்டு உள்ளே விழுந்தது, 13–12. 2007-இல் ஆறு குழு ஆட்டங்களையும் வென்று, அவற்றுள் தூலூஸில் பின்தங்கியிருந்து மீண்டு 41–34 என்று வென்று, காலிறுதியில் நடப்புச் சாம்பியன் மன்ஸ்டரையும் ஸ்ட்ராடி பார்க்கில் 24–15 என்று அனுப்பிவைத்த பிறகு, மறுபடியும் லெஸ்டர். 2018-இல் லா ரோஷெலை வீழ்த்திச் சென்ற நம்மை டப்ளினில் லெய்ன்ஸ்டர் 38–16 என்று திருப்பியனுப்பியது. ஸ்டிம்ப்சனின் உதைக்கு நேரில் சாட்சியாக இருந்ததாகச் சொல்லும் உறுப்பினர்கள் பலர். அவர்கள் எழுதித்தந்த குறிப்புகளில் பந்து முதலில் எந்தக் கம்பத்தில் பட்டது என்பதில்கூட உடன்பாடில்லை. எல்லாவற்றையும் அப்படியே சேர்த்திருக்கிறேன்.

பதிவேட்டில் எழுந்த சிக்கல்களையும் தெரிவிக்க வேண்டியது என் கடமை. 2020 டிசம்பரில் தொற்றைக் காரணம் காட்டி நம் அரங்கில் ஆட தூலோன் மறுத்தபோது, ஆடாத ஆட்டம் 28–0 என்று நமக்கு வெற்றியாக வழங்கப்பட்டது. ஏறத்தாழ ஓராண்டு கழித்து, தென்னாப்பிரிக்காவிலிருந்து திரும்பிய நம் அணியினர் தனிமைப்படுத்தலில் அகப்பட்டுக்கொண்டதால், பிரிஸ்டலுடன் ஆடாத ஆட்டம் அதே 28–0 என்று நமக்குத் தோல்வியாக எழுதப்பட்டது. முதலாவதைப் பதிவேட்டில் சேர்த்து இரண்டாவதை விட்டுவிடலாம் என்று செயற்குழுவில் வந்த யோசனை, ஒரு கூட்டத்தின் முழு நேரத்தையும் விழுங்கியது. இரண்டையும் சிவப்பு மையில், வரிசை எண் இல்லாமல் பதிந்து முடித்தேன். நியூசிலாந்தை 1972 அக்டோபர் 31 அன்று 9–3 என்று வென்றதையும் சேர்க்கச் சொன்ன மூத்த உறுப்பினருக்கு, நியூசிலாந்து ஐரோப்பாவில் இல்லை என்பதை மரியாதையுடன் தெரிவித்தேன். அவர் அதன் பிறகு கூட்டத்துக்கு வரவில்லை. அவருடைய சந்தா மட்டும் தவறாமல் வருகிறது என்பதை நன்றியுடன் குறிப்பிடுகிறேன்.

மற்றொன்று. முன்பு சாம்பியன்ஸ் கோப்பையின் முதல் சுற்றில் ஒரு குழுவில் நான்கு அணிகள் இருந்தன. ஒவ்வொன்றுடனும் உள்ளூரில் ஒன்று, வெளியூரில் ஒன்று என ஆறு ஆட்டங்கள். டிசம்பரில் அடுத்தடுத்த வாரங்களில் ஒரே எதிரணியைச் சந்திக்கும்போது முதல் வாரத்தின் கோபம் இரண்டாம் வாரத்தில் களத்தில் தெரியும். இப்போது ஆறு அணிகள் கொண்ட குழுவில் நான்கே ஆட்டங்கள், தன் லீகைச் சேர்ந்த அணியுடன் ஆடுவதும் இல்லை. பதிவேட்டில் ‘மறு ஆட்டம்’ என்று கோடு போட்டு வைத்த பத்தி இதனால் வெறுமையாகக் கிடக்கிறது.

பழைய ஆட்ட நிகழ்ச்சிப் புத்தகங்களைத் தருவதாக ஒப்புக்கொண்டவர்கள் இன்னும் தரவில்லை. மாடியில் இருக்கிறது, தேடித் தருகிறேன் என்ற பதிலை நான் பல மாடிகளைப் பற்றிக் கேட்டுவிட்டேன்.

வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியே வாசிப்பார். வரவும் செலவும் ஏறத்தாழ ஈடாகவே உள்ளன. கையிருப்பு சென்ற ஆண்டைவிடச் சற்றுக் குறைவு. பேருந்துக் கட்டணம் அதற்கு ஒரு காரணம், சந்தா நிலுவை பெரிய காரணம். ‘இதரச் செலவு’ என்ற தலைப்பில் உள்ள தொகை குறித்துத் தணிக்கையாளர் கேட்ட விளக்கம் தரப்பட்டுவிட்டது. பதிவேட்டைப் பூட்டி வைக்கும் இரும்பு அலமாரி சங்கத்தின் சொத்து. வேறு இடம் எவரும் தர முன்வராததால் அது என் வீட்டில் இருக்கிறது.

தலைவர், துணைத்தலைவர், பொருளாளர், தணிக்கையாளர், கூட்ட அறையை வழங்கியவர்கள், தேநீர் தயாரித்தவர்கள் அனைவருக்கும் நன்றி.

வரும் ஆண்டைப் பற்றி ஒளிவுமறைவின்றிப் பேச வேண்டியிருக்கிறது. ஏப்ரலில் கார்டிஃப் அணி நிதி நெருக்கடியால், கடனில் சிக்கிய நிறுவனங்களுக்கு நியமிக்கப்படும் நிர்வாகியின் பொறுப்புக்குப் போய், வேல்ஸ் ரக்பி யூனியன் அதை வாங்கியது. ஆகஸ்டில் நான்கு தொழில்முறை அணிகளை இரண்டாக்கும் யோசனையை யூனியன் முன்வைத்தது. கலந்தாய்வுக்குப் பின் அக்டோபரில் மூன்று என்று அறிவித்தது. கார்டிஃபுக்கு ஒன்று, கிழக்குக்கு ஒன்று, மேற்குக்கு ஒன்று. மேற்கில் இன்று இருப்பவை இரண்டு: நாமும் ஆஸ்ப்ரேஸும். 2003-இல் ஊர்க் கழகங்களுக்குப் பதிலாக மண்டல அணிகள் என்ற முறை வந்தபோது நீத்தும் சுவான்சியும் இணைந்து ஆஸ்ப்ரேஸ் ஆயின, லனெல்லி தனித்தே நின்றது. ஐந்து மண்டலங்களாகத் தொடங்கியதில் கெல்டிக் வாரியர்ஸ் ஓராண்டில் கலைக்கப்பட்டதையும், பாண்டிபிரித், பிரிட்ஜெண்ட் ஊர்களின் ஆதரவாளர்கள் அதை இன்றும் பேசுவதையும் நாம் அறிவோம். ஆஸ்ப்ரேஸ் நான்கு முறை லீக் பட்டம் வென்ற அணி; நம் உறுப்பினர்கள் விரும்பாவிட்டாலும் அதைச் சொல்லித்தான் ஆக வேண்டும். நம் பக்கத்தில் வைக்க 2004, 2017 பட்டங்களும் நான்கு ஐரோப்பிய அரையிறுதிகளும் இருக்கின்றன. முடிவெடுப்பவர்கள் ஆதரவாளர்களின் எண்ணிக்கையையும் பார்ப்பார்கள் என்றால், நம் சங்கம் காட்டக்கூடியது உறுப்பினர் பட்டியல்தான். அந்தப் பட்டியலில் சந்தா செலுத்தியவர்களை மட்டுமே நான் நேர்மையாகக் காட்ட முடியும்.

பதிவேட்டின் இரண்டாம் தொகுதியை அச்சிட உத்தேச மதிப்பீடு பெறப்பட்டுள்ளது. தொகையைக் கேட்க விரும்புவோர் கூட்டம் முடிந்ததும் என்னை அணுகலாம். செயலாளர் பொறுப்புக்கு இம்முறையும் வேறு எவரும் மனுத் தாக்கல் செய்யவில்லை. நிலுவை உள்ளவர்களின் பட்டியல், பெயர்களின்றி உறுப்பினர் எண்களோடு மட்டும், கதவருகே ஒட்டப்பட்டுள்ளது. பொருளாளர் கூட்டம் முடிந்த பின்னும் அரை மணி நேரம் மேசையில் இருப்பார்.

தங்கள் பணிவுள்ள,
செயலாளர்