ஜெரெஜாக் தீவில் நம்மவர் தடம்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பினாங்குப் பாலத்தில் பஸ்ஸில் போகும்போதெல்லாம் தெற்கே பச்சைக் குன்றாகத் தெரியும் ஜெரெஜாக் தீவைப் பார்த்தால் எனக்கு அப்பாயி நினைவு வந்துவிடும். நாகப்பட்டினத்தில் கப்பலேறி வந்தவரைத் தோட்டத்துக்கு அனுப்பும் முன், நோய் பரவாமலிருக்க அங்கேதான் இறக்கித் தனியே வைத்திருந்தார்கள். சேலையை வாங்கி ஆவியில் வேகவைத்துத் திருப்பிக் கொடுத்தார்களாம். சாயம் போய்ச் சுருங்கிய அந்தக் கண்டாங்கியைச் சாகும்வரை தகரப் பெட்டியில் வைத்திருந்தார். அதன் மடிப்பில் மஞ்சள் கறை இன்னும் இருக்கிறது.

தொழுநோயாளர், காசநோயாளர், 1969 முதல் 1993 வரை கைதிகள் என்று பலரை அடைத்துவைத்த தீவு அது. 1914இல் பினாங்குத் துறைமுகத்தில் ஜெர்மன் கப்பல் எம்டன் மூழ்கடித்த ரஷ்யப் போர்க்கப்பலின் மாலுமிகளுக்கு அங்கே கல்லறை உண்டு. சென்னையில் குண்டு போட்ட அதே எம்டன்தான்.

சில ஆண்டுகளுக்கு முன் படகில் போனேன். இடிந்த சுவர்களை ஆலவேர் இறுக்கிப் பிடித்திருந்தது. நம்மவர் தங்கிப் போனதைச் சொல்லும் ஒரு தமிழ்ப் பலகைகூட என் கண்ணில் படவில்லை. மனம் கனத்துத் திரும்பினேன். அரசு அங்கே தமிழிலும் பலகை வைக்க வேண்டும். அத்தீவில் இறக்கப்பட்டவர்களின் பிள்ளைகள், பேரப்பிள்ளைகள் கேட்ட கதைகளைத் தாமதிக்காமல் இப்பகுதிக்கு எழுதுங்கள்.

ஓய்வுபெற்ற பால்வெட்டுத் தொழிலாளி,
சுங்கை சிப்புட்