நான் ஸ்டென்சில் வெட்டாத பக்கம்

அன்பு நண்பா,

நலம்தானே? முழங்கால் எப்படி இருக்கிறது? எனக்குக் கண்புரை ஆபரேஷன் முடிந்துவிட்டது. எழுத்து பளிச்சென்று தெரிகிற உற்சாகத்தில் பரண் பெட்டிகளைக் குடைந்தேன். நம் செபக்குழுவின் செய்திமடல் கட்டு கிடைத்தது. மொத்தம் 41 இதழ்கள். ஸ்டேப்ளர் பின்கள் துருப்பிடித்து, தாளில் பழுப்பாக இறங்கியிருக்கின்றன. முதல் இதழின் இரண்டாம் பக்கத்தில் மையில் பதிந்த ஒரு கட்டைவிரல் ரேகை. நான் வெட்டிய ஸ்டென்சிலிலிருந்து நகல் எடுக்கும் சைக்ளோஸ்டைல் உருளைக்கு மை போட்டவன் நீதானே, உன்னுடையதாகத்தான் இருக்கும்.

டுகேன் பல்கலைக்கழக மாணவர்களின் தியானம் பற்றி நான் எழுதிய கட்டுரை அதே இதழில்தான் இருக்கிறது. 1967 பிப்ரவரி, பிட்ஸ்பர்க் அருகே ஒரு தியான இல்லம். திருத்தூதர் பணிகளின் முதல் நான்கு அதிகாரங்களைப் படித்துவிட்டு வந்திருந்த மாணவர்கள். நடுவில் தண்ணீர் பம்பு பழுதாகி, எல்லோரையும் ஊருக்கு அனுப்பிவிடலாமா என்ற பேச்சு எழுந்தது, சிலர் சிற்றாலயத்துக்குப் போய்ச் செபித்தார்கள், தண்ணீர் வந்தது. அன்றிரவு பிறந்தநாள் கொண்டாட்டத்துக்கு ஏற்பாடாகியிருந்தது. ஆனால் ஒவ்வொருவராக மாடியிலிருந்த அந்தச் சிற்றாலயத்துக்கே போய் முழந்தாளிட்டிருக்கிறார்கள். தூய ஆவியின் கொடைகளை நாடிச் செபிக்கிற கத்தோலிக்க அருங்கொடை இயக்கமே, நம் செபக்குழுவும் சேர்ந்திருந்த அந்தப் புதுப்பித்தலே, அங்கிருந்துதான் கிளம்பியது.

"குழாயில் தண்ணீர் வந்த கதையெல்லாம் போடாதே, சிரிப்பார்கள்" என்று நீ சொன்னாய். நான் போட்டேன். இப்போது படித்தால் அந்தக் கட்டுரையில் உயிரோடு இருப்பது அந்தக் குழாய் மட்டும்தான்! மற்றபடி 'வல்லமை' என்ற சொல் ஒரே பக்கத்தில் 14 தடவை வருகிறது. அப்புறம், ஆவியால் ஏவப்பட்டுப் புரியாத மொழியில் பேசுவதை 'பரவசப் பேச்சு' என்று விவிலியப் பொது மொழிபெயர்ப்பில் படித்துப் பழகிய கண்ணுக்கு, நாம் எழுதிய 'அந்நிய பாஷை' என்னவோ போல் இருக்கிறது.

1975 பெந்தக்கோஸ்து விழாவையொட்டி ரோமில் நடந்த இந்த இயக்கத்தின் மாநாட்டைப் பற்றியும் எழுதியிருக்கிறோம். பத்தாயிரம் பேர் அளவில் கூடியிருந்தார்கள். இருளின் நாள்கள் வருகின்றன, இன்று நிற்கும் கட்டடங்கள் நிற்கமாட்டா என்று பேதுரு பேராலயத்துக்குள்ளேயே இறைவாக்குகள் உரைக்கப்பட்டன. அவற்றைக் கட்டம் கட்டிப் போட்டோம். இந்தப் புதுப்பித்தல் திருச்சபைக்கும் உலகுக்கும் ஒரு நல்வாய்ப்பு என்று திருத்தந்தை ஆறாம் பவுல் சொன்னதற்கு முதல் பக்கம். அதே உரையில் அவர், சரியான போதனையைப் பற்றிக்கொள்ளுங்கள், கொடைகளை நன்றியோடு ஏற்றுக்கொள்ளுங்கள், எல்லாவற்றுக்கும் மேலே அன்பு என்று பவுலடியாரை வைத்துச் சொன்னாரே, அதற்குக் கடைசிப் பக்கத்தில் நான்கு வரி. அந்த நான்கு வரியும் இடம் மிஞ்சியதால்தான். எனக்கு நினைவிருக்கிறது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். 9-ஆம் இதழில் முதல் பக்கச் சாட்சி. சிறுநீரக நோயிலிருந்து குணமடைந்த சகோதரி. எழுதியது நான். அவர் சொன்னது, "இப்போது இரவில் தூக்கம் வருகிறது, வீக்கம் குறைந்திருக்கிறது" என்பதுதான். "முற்றிலும் குணம்" என்பது என் சேர்க்கை. 13-ஆம் இதழின் மன்றாட்டுப் பகுதியில் ஒரு வரி: 'ஆண்டவரில் துயில்கொள்ளும் நம் சகோதரிக்காக.' பெயர் இல்லை. அவர்தான் இவர் என்று வாசகர் யாரும் சேர்த்துப் பார்த்திருக்க முடியாது. சேர்த்துப் பார்க்கக் கூடாது என்றுதானே பெயரை விட்டேன்.

நீ அப்போது சண்டை போட்டாய். குணமானதாக எழுதியவர்கள் இறந்ததையும் எழுத வேண்டும் என்றாய். ஒருங்கிணைப்பாளர், "ஜனங்களின் விசுவாசம் தளர்ந்துவிடும்" என்றார். நான் அவர் பக்கம் நின்றேன். அதற்கு அடுத்த மாதம்தான் நீ உருளையை என்னிடம் ஒப்படைத்தாய். வேலை மாற்றம் என்று எல்லோரிடமும் சொன்னாய். நானும் அதையே எல்லோரிடமும் சொன்னேன்.

13-க்கும் 14-க்கும் நடுவில் நாலாக மடித்த ஒரு தாள் இருந்தது. உன் கையெழுத்து. அந்தச் சகோதரியின் கடைசி மாதங்களைப் பற்றி மூன்று பத்தி: செபக்கூட்டத்துக்கு வர முடியாமல் போனபோது யார் யார் போய்ப் பார்த்தார்கள், யார் போகவில்லை, குணமானவர் என்று ஊரெல்லாம் சொன்ன பிறகு வலிக்கிறது என்று சொல்ல அவர் எப்படிக் கூச்சப்பட்டார் என்பதெல்லாம். கடைசியில் கொரிந்தியர் முதல் திருமுகம் 14:29. இறைவாக்கு உரைப்பவர்கள் பேசட்டும், மற்றவர்கள் ஆய்ந்து பார்க்கட்டும் என்ற இடம். மேலே மூலையில் என் பென்சில் குறிப்பு: 'இடம் இல்லை.'

அந்த 14-ஆம் இதழின் கடைசிப் பக்கத்தில் அரைப் பக்கம் வெறுமையாக இருக்கிறது. ஒரு புறா படம் வரைந்து நிரப்பியிருக்கிறேன்.

உன் தாளை இந்தக் கடிதத்தோடு வைத்திருக்கிறேன், நகல் இல்லை, அசலே. மடிப்பில் கிழிகிற மாதிரி இருக்கிறது, பார்த்துப் பிரி.

அன்புடன்,
உன் பழைய ஸ்டென்சில்காரன்