மருந்தெச்சம் நீங்கலாம், கிருமி நீங்குவதில்லை

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

கோழிப்பண்ணைகளில் ஆன்டிபயாட்டிக் பயன்பாடு குறித்துத் தங்கள் இதழில் வெளிவந்த கட்டுரை, இறைச்சியிலும் முட்டையிலும் தங்கும் மருந்து எச்சத்தைப் பற்றியே பேசியது. நாமக்கல் வட்டாரத்தில் நெடுங்காலம் பணியாற்றிய கால்நடை மருத்துவர் என்ற முறையில், அதனினும் பெரிய ஆபத்து அதில் விடுபட்டுப்போனதாகக் கருதுகிறேன்.

மருந்தை நிறுத்தினால் எச்சம் நாளடைவில் குறைந்துவிடும். ஆனால் அம்மருந்தைத் தாங்கிப் பிழைத்துக் கோழியின் குடலில் பெருகிவிட்ட கிருமி அந்த நாட்கணக்குக்குக் கட்டுப்படாது. மேலும், பிளாஸ்மிட் எனப்படும் சிறு டி.என்.ஏ. வளையத்தின் வழியாகத் தன் எதிர்ப்புத்திறனை வேறு இனக் கிருமிக்கும் அது கொடுத்துவிடக்கூடும். வேறெந்த மருந்தும் கேட்காத நோயாளிக்குக் கடைசிப் புகலாக மருத்துவர்கள் வைத்திருக்கும் கொலிஸ்டின் என்ற ஆன்டிபயாட்டிக்கை, வளர்ச்சிக்காகத் தீவனத்தில் கலந்து கொடுத்துவந்த சீனாவில், அதை முறியடிக்கும் எம்.சி.ஆர்-1 மரபணு பன்றிகளிடமும், கடை இறைச்சியிலும், மருத்துவமனை நோயாளிகளிடமும் இருப்பது 2015-இல் வெளியானபோது இது ஐயமின்றித் தெரிந்தது. நம் நாட்டில் உணவுக்காக வளர்க்கப்படும் விலங்குகளுக்குக் கொலிஸ்டின் 2019 ஜூலையில் தடை செய்யப்பட்டதை நான் மனமார வரவேற்றேன்.

ஆயினும் அந்தத் தடை ஒரே ஒரு மருந்துக்கானது. மற்றவை சீட்டில்லாமலே கைக்குக் கிடைப்பதைப் பணிக்காலம் முழுவதும் கண்டிருக்கிறேன். நாலு குஞ்சு சோர்ந்து நின்றால் கொட்டகை முழுவதற்கும் குடிநீரில் மருந்து கலந்துவிடுவார்கள். ஒரு கொட்டகை நோயில் போனால் வட்டிக்கடன் மிஞ்சும் விவசாயியை இதற்காகக் குறைசொல்ல எனக்கு மனம் வருவதில்லை. அருகிலேயே பரிசோதனைக் கூடம் இருந்து, எந்த மருந்து கேட்கும் என்று இரண்டொரு நாளில் தெரிந்துவிடுமானால், அவரே வீண்செலவைத் தவிர்ப்பார்.

கோழி எருவைப் பற்றியும் யாரும் பேசுவதில்லை. கொட்டகையை வெறுங்கையால் வாரும் தொழிலாளியின் உடலிலும், மக்காத எரு கொட்டப்படும் தோட்டத்திலும், அங்கிருந்து வாய்க்காலிலும் அதே கிருமிகள் சேர்கின்றன. எருவைக் குவித்து, உள்ளே நன்கு சூடேறும்படி மக்கவைத்தால் அவற்றுள் பெரும்பகுதி மடிந்துவிடும். அவ்வாறு மக்கிய எருவையே விற்க வேண்டும் என்பதையும், கால்நடை மருத்துவரின் சீட்டின்றி ஆன்டிபயாட்டிக் விற்கக் கூடாது என்பதையும் அரசு கண்டிப்புடன் நடைமுறைப்படுத்த வேண்டுகிறேன். தாங்களும் அடுத்த கட்டுரையில் பண்ணைத் தொழிலாளர்களிடம் நேரில் பேசி எழுதினால் நன்றியுடையவனாவேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கால்நடை மருத்துவர்,
நாமக்கல்.