எல்.சி.3 கோடு தடித்தால் போதுமா?

அன்புள்ள ஆசிரியருக்கு,

உங்கள் அறிவியல் பக்கத்தில் ஆட்டோஃபேஜி பற்றி, அதாவது செல் தன் பழைய பாகங்களைத் தானே தின்று தீர்ப்பது பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். யோஷினோரி ஓசுமி ஈஸ்ட் செல்களை வைத்துக் கண்டுபிடித்ததற்கு 2016இல் நோபல் பரிசு வாங்கியது வரை நன்றாகத்தான் போனது. அப்புறம் ஒரு வரி வந்தது: மூலிகைச் சாறு கொடுத்த செல்களில் எல்.சி.3 புரதம் கூடியிருந்தது, ஆகவே ஆட்டோஃபேஜி கூடியது என்று. இந்த 'ஆகவே'யைத்தான் என்னால் விழுங்க முடியவில்லை. ஒரு குறிப்பிட்ட புரதத்தைப் பிடித்துக் காட்டுகிற ஆன்டிபாடிகளோடு பல வருடம் மல்லுக்கட்டியவன் நான்.

செல் கழிவைச் சுற்றி ஒரு சவ்வுப் பையைக் கட்டி, அந்தப் பையை லைசோசோம் என்ற செரிக்கும் பையோடு சேர்த்துச் செரித்துவிடும். பை உருவாகும்போது எல்.சி.3 புரதத்தின் நுனியில் ஒரு கொழுப்பு மூலக்கூறு ஒட்டும், ஒட்டியதும் அது பையின் சவ்வில் போய் உட்கார்ந்துகொள்ளும். ஒட்டாததை எல்.சி.3-ஒன்று என்போம், ஒட்டியதை எல்.சி.3-இரண்டு. புரதங்களை ஜெல்லில் ஓடவிட்டு அளவுவாரியாகப் பிரித்து, ஆன்டிபாடியால் அடையாளம் காட்டும் வெஸ்டர்ன் பிளாட் சோதனையில் முதலாவது சுமார் 16 கிலோடால்டனிலும் (புரத எடையின் அலகு) இரண்டாவது 14இலும் கோடாகத் தெரியும். கொழுப்பு ஏறியதுதான் எடை அதிகம், ஆனாலும் அதுதான் ஜெல்லில் வேகமாகக் கீழே ஓடும், புதிதாக வருகிறவர்கள் எல்லோரும் இதில் ஒரு முறையாவது குழம்புவார்கள்.

விஷயம் என்னவென்றால், பைக்குள் மாட்டிய எல்.சி.3-இரண்டும் கழிவோடு சேர்ந்து செரிந்துபோகும். தொட்டியில் தண்ணீர் ஏறினால் குழாயைக் கூடத் திறந்திருக்கலாம், வடிகால் அடைத்தும் இருக்கலாம் இல்லையா? குளோரோகுயின் கொடுத்தால் லைசோசோம் வேலை செய்யாது, பைகள் தேங்கும், எல்.சி.3-இரண்டு கோடு கன்னங்கரேலென்று தடிக்கும். அந்தப் படத்தை மட்டும் காட்டி ஆட்டோஃபேஜி அமோகம் என்று எழுதினால் உண்மைக்கு நேர் எதிராக எழுதியதாக ஆகும். அதனால்தான் வடிகாலை வேண்டுமென்றே அடைத்துப் பார்ப்போம். லைசோசோமை முடக்கும் பேஃபிலோமைசின் என்ற மருந்து கொடுத்த செல், கொடுக்காத செல் இரண்டையும் சாறோடும் சாறில்லாமலும் பக்கத்துப் பக்கத்தில் ஓட்ட வேண்டும். வடிகாலை முழுக்க அடைத்த பிறகும் சாறு கொடுத்த செல்லில் கோடு இன்னும் தடித்தால், சரி, பைகள் உண்மையிலேயே கூடுதலாக உருவாகின்றன என்று பேசலாம். கூடவே பி62 குறைகிறதா என்றும் பார்ப்பார்கள், அதுவும் கழிவோடு செரிந்துபோகிற புரதம்தான். ஆனால் செல் நெருக்கடியில் அதைப் புதிதாகத் தயாரித்துத் தள்ளவும் செய்யும், அதனால் பி62ஐ மட்டும் நம்பினாலும் மோசம் போவோம்.

ஆன்டிபாடியின் கதை தனி. என் முதல் வருடத்தில் ஒரு பிளாட்டில் எல்.சி.3-ஒன்று கிட்டத்தட்டக் காணாமல் போயிருந்தது, எல்லாம் இரண்டாக மாறிவிட்டது என்று துள்ளிக்கொண்டு வழிகாட்டியிடம் ஓடினேன். அவர் படத்தைச் சரியாகக்கூடப் பார்க்காமல், "இந்த சாம்பிளை எத்தனை தடவை உறையவைத்து உருக்கினாய்?" என்று கேட்டார். நான்கு தடவை. எல்.சி.3-ஒன்று அதைத் தாங்காது. போதாததற்கு, பல ஆன்டிபாடிகள் இரண்டையும் ஒரே அளவில் பிடிப்பதில்லை, கொழுப்பு ஒட்டியதையே இறுக்கமாகப் பிடிக்கும். ஒன்றுக்கும் இரண்டுக்கும் விகிதம் போட்டால் அது செல்லைப் பற்றிச் சொல்வதைவிட நம் ஆன்டிபாடி பாட்டிலைப் பற்றித்தான் அதிகம் சொல்லும். எல்.சி.3-இரண்டை, எல்லா சாம்பிளிலும் ஏறக்குறைய ஒரே அளவில் இருக்கும் ஆக்டின் என்ற புரதத்தோடு ஒப்பிடுவதே மேல். எல்.சி.3இல் கொழுப்பை ஒட்டவைக்க உதவும் ஏடிஜி5 புரதத்தின் ஆன்டிபாடியிலும் இதே கூத்துதான். 32 கிலோடால்டனில் கோட்டைத் தேடுவோம், அது 55க்குப் பக்கத்தில் நிற்கும். செல்லுக்குள் அது பெரும்பாலும் ஏடிஜி12 என்ற இன்னொரு புரதத்தோடு ஒட்டியே இருப்பதுதான் காரணம், இது தெரியாமல் நல்ல ஆன்டிபாடியைக் குப்பையில் போட்டவர்களை எனக்குத் தெரியும்.

மோசமான ஆன்டிபாடியைக் கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கிறது. அந்தப் புரதத்தின் மரபணுவை நீக்கிய செல்லில் போட்டுப் பார்க்க வேண்டும், அங்கேயும் கோடு வந்தால் பாட்டில் வேறு எதையோ பிடிக்கிறது. எல்.சி.3-இரண்டுக்கு, கொழுப்பை ஒட்டவைக்கத் தேவையான ஏடிஜி5 அல்லது ஏடிஜி7 நீக்கிய செல்லும் உதவும், அதில் அந்தக் கோடே வரக் கூடாது. 2023இல் வெளியான ஓர் ஆய்வில் 65 புரதங்களுக்கான 614 ஆன்டிபாடிகளை இப்படி மரபணு நீக்கிய செல்களை வைத்துச் சோதித்தார்கள், கடையில் விற்பவற்றில் கணிசமானவை தேறவில்லை. முயலிலிருந்து எடுக்கும், பல ஆன்டிபாடிகள் கலந்த பாலிகுளோனல் வகை என்றால் ஒரு முறை தேறியதும் போதாது, அடுத்த தயாரிப்புத் தொகுதி வேறு மாதிரி நடந்துகொள்ளும். நாங்கள் ஒவ்வொரு புதுப் பாட்டிலையும் பழைய சாம்பிளில் ஓட்டிப் பார்த்துவிட்டுத்தான் தொடுவோம்.

கட்டுரையோடு போட்டிருந்த படத்தில் இரண்டே லேன்கள்தான், சாறு இல்லாதது ஒன்று, கொடுத்தது ஒன்று. பேஃபிலோமைசின் லேன்கள் மூல ஆய்வில் இருந்திருக்கலாம், இடம் போதாமல் நீங்கள் அவற்றை வெட்டியிருக்கவும் கூடும். கட்டுரையாளர் அதைப் பார்த்துச் சொன்னால், அந்த லேன்களிலும் சாறு கொடுத்த செல்லில் கோடு தடித்திருக்கும் பட்சத்தில் அந்த 'ஆகவே' பற்றி நான் சொன்னதைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஆய்வகத்தில் வேலை பார்க்கும் ஒரு வாசகன்