பழைய பள்ளிவாசல்களை மழைக்கு முன் அளந்து ஆவணப்படுத்தக் கோரும் மனு

அனுப்புநர்:
ஓய்வுபெற்ற கொத்தனார்,
முல்லா வீதிப் பகுதி, புதுச்சேரி.

பெறுநர்:
மாவட்ட ஆட்சியர் அவர்கள்,
புதுச்சேரி.

பொருள்: நகரின் பழைய பள்ளிவாசல்களை அளவெடுத்தலும் சுண்ணாம்புக் காரையால் பழுதுபார்த்தலும் – வேண்டுதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஆட்சியர் அவர்களுக்கு வணக்கம்.

எங்கள் வீதிப் பள்ளிவாசலில் சில ஆண்டுகளுக்கு முன் பழுது பார்த்தபோது, மேற்குச் சுவரின் பழைய சுண்ணாம்புப் பூச்சைக் கொத்தி எடுத்துவிட்டுச் சிமெண்டு பூசினார்கள். சுவர் உறிஞ்சும் ஈரம் வெளியேற வழியில்லாததால், தொழுகைத் திசையைக் காட்டும் மாடமான மிஹ்ராபின் வலப்புறம் இடுப்பளவு உயரத்துக்கு உப்புப் பூத்து, பூச்சு பொருக்குப் பொருக்காகக் கழன்று விழுகிறது. உள்ளிருக்கும் சன்னமான செங்கல்லை விரலால் தொட்டால் மாவாக உதிர்கிறது. வளைவின் மேல் ஓடிய சுதைக் கொடியில் இன்று இரண்டு இலைகளே மிஞ்சியுள்ளன. வேலை செய்தவர்களைக் குறைகூற எனக்கு மனமில்லை. கடுக்காய்த் தண்ணீரும் வெல்லமும் சேர்த்துச் சுண்ணாம்பு அரைக்கத் தெரிந்தவர்கள் அப்போதே அருகிவிட்டார்கள்.

இச்சுவர்கள் தொழுமிடத்தின் சுவர்கள் மட்டுமல்ல, இந்நகரத்தின் சாட்சிகளும் ஆகும். 1740-இல் மராட்டியப் படையுடன் நடந்த போரில் ஆர்க்காட்டு நவாப் தோஸ்த் அலி கான் மாண்டபின், அவர் குடும்பத்தாரும் அவர் மருமகன் சந்தா சாகிபின் குடும்பத்தாரும் பிரெஞ்சு ஆளுநர் துய்மாவின் காலத்தில் அடைக்கலம் புகுந்தது இந்தப் புதுச்சேரியில்தான். வேதபுரீஸ்வரர் கோயில் இடிக்கப்பட்ட 1748-இல் பள்ளிவாசலுக்கும் அதே ஆபத்து வந்ததையும், சிப்பாய்களின் தலைவர் அப்துல் ரகுமான் ஆளுநர் துய்ப்ளேக்ஸிடம் நேரில் சென்று அதைத் தடுத்ததையும் ஆனந்தரங்கப் பிள்ளை தம் நாட்குறிப்பில் எழுதி வைத்துள்ளார். 1761-இல் ஆங்கிலேயர் நகரைப் பிடித்துத் தரைமட்டமாக்கினார்கள். ஆகவே, இன்று நிற்கும் பள்ளிவாசல்களில் எந்தச் சுவர் அந்த அழிவுக்கு முந்தியது, எது பிந்தியது என்பதைச் செங்கல்லின் அளவும் காரையின் அடுக்கும்தான் சொல்ல முடியும். அந்த அடுக்கைக் கொத்தி எறிந்துவிட்டால் பிறகு யாராலும் சொல்ல இயலாது.

2014 நவம்பர் மழையில் கடற்கரையோரத்துப் பழைய நகராட்சி மன்றமான மேரி கட்டடம் இடிந்து விழுந்ததைத் தாங்கள் அறிவீர்கள். அது திரும்பக் கட்டப்பட்டு 2021-இல் திறக்கப்பட்டது என்றாலும், பழைய கொத்தனாரின் கைவேலை திரும்பவில்லை. அதே நகரத்தில் வைசியாள் வீதியின் பழைய வீடுகள் முறையாகச் சீரமைக்கப்பட்டு, 2008-இல் யுனெஸ்கோவின் மரபுப் பாதுகாப்பு விருதும் பெற்றன. வீடுகளுக்குக் கிடைத்த அந்தக் கவனம் குத்பா பள்ளிவாசல், மீராப்பள்ளி முதலிய எங்கள் பகுதிப் பள்ளிவாசல்களுக்கும் கிடைக்க வேண்டும் என்பதே என் வேண்டுகோள்.

எனவே, வடகிழக்குப் பருவமழை தொடங்குமுன் மரபுக் கட்டட வல்லுநர்களை அனுப்பி, இப்பள்ளிவாசல்களின் தூண்கள், வளைவுகள், மினாராக்கள், தொழுகைக்கு முன் கை கால் முகம் கழுவி ஒளு செய்யும் நீர்த்தொட்டியான ஹவுளு ஆகியவற்றை அளந்து, படமெடுத்து, வரைபடமாக்கி, ஒரு படியை அந்தந்த ஜமாஅத்திடம் ஒப்படைக்கவும், அதுவரை பழைய பூச்சில் எவரும் உளி வைக்காதிருக்க பள்ளிவாசல் நிர்வாகிகளான முத்தவல்லிகளுக்கு எழுத்துமூலம் அறிவுறுத்தவும் பணிவுடன் வேண்டுகிறேன். இளைய கொத்தனார்களுக்குச் சுண்ணாம்பு வேலை பயிற்றுவிக்கத் தாங்கள் ஏற்பாடு செய்தால், கூலி எதுவும் பெறாமல் நானே வந்து அரைத்துக் காட்டவும் பூசிக் காட்டவும் ஆயத்தமாக இருக்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
(கையொப்பம்)