ஒற்றைக் கேப்புக்கு ஓடிய ஸ்கேனர், எட்டுப் பல் பிரிட்ஜுக்குத் திணறுகிறது

அனுப்புநர்: பல் லேப் உரிமையாளர், மதுரை.

பெறுநர்: சேவைப் பிரிவு மேலாளர், ஸ்கேனரும் டிசைன் மென்பொருளும் விற்ற நிறுவனம், சென்னை.

பொருள்: தவறாகப் பொருத்திக் கொடுத்த கணினி, மாறிப்போன காலிப்ரேஷன் தட்டு (ஸ்கேனரின் அளவைச் சரிசெய்யும் தட்டு), இரண்டு பிரிட்ஜ் ரீமேக் ஆனது தொடர்பாக.

ஐயா, வணக்கம்.

போன ஆடியில் உங்களிடம் டெஸ்க்டாப் ஸ்கேனர், டிசைன் மென்பொருள், கணினி மூன்றையும் ஒரே பில்லில் வாங்கினேன். ஆடித் தள்ளுபடி போக ஒன்பது லட்சத்துச் சொச்சம். வாங்குமுன் மூன்று நிறுவனங்களின் டெமோ பார்த்தேன். ஒருவருடைய ஸ்கேன் அவர்கள் மென்பொருளில் மட்டும்தான் திறக்கும். இன்னொருவர் வருடச் சந்தா கட்டாவிட்டால் டாங்கிள் (மென்பொருளைத் திறக்கும் யூஎஸ்பி சாவி) நின்றுவிடும் என்றார். உங்களுடையது எஸ்டிஎல் என்ற பொதுவான 3டி கோப்பாக வெளியே எடுக்கலாம், டிசைனைக் கடைந்து கொடுக்கும் எந்த மில்லிங் சென்டருக்கும் அனுப்பலாம் என்பதால்தான் உங்களிடம் வந்தேன். அந்த விஷயத்தில் எனக்குக் குறை இல்லை.

டெமோவில் உங்கள் ஆள் காட்டியது ஒரே ஒரு கீழ்க் கடைவாய்ப் பல். டையை (சீவிய பல்லின் ஜிப்சம் நகல்) வைத்தார், கண்ணை மூடித் திறப்பதற்குள் ஸ்கேன், மார்ஜின் (கேப்பின் விளிம்பு பல்லில் முடியும் கோடு) தானாக விழுந்தது, காபி ஆறுவதற்குள் கேப் டிசைன் தயார். நானும் மயங்கிவிட்டேன், ஒப்புக்கொள்கிறேன். என் லேப்பில் பாதி வேலை பல பற்களை ஒன்றாகச் சேர்த்துச் செய்யும் நீளமான பிரிட்ஜ் என்று அன்றே சொன்னேன். "அதுவும் இதே மாதிரிதான் சார்" என்றார்.

இதே மாதிரி இல்லை. மேல் தாடை, கீழ்த் தாடை, எட்டு டை, கடி ஸ்கேன் எல்லாம் ஏறியதும், ஸ்கேன் வடிவத்தை உருவாக்கும் முக்கோணங்கள் லட்சக்கணக்கில். மவுஸை இழுத்தால் நாலைந்து நொடி கழித்துத்தான் மார்ஜின் கோடு நகரும். பல்லையும் பல்லையும் இணைக்கும் கனெக்டரின் கனத்தைக் கூட்டப் போனால் திரை வெள்ளையாகிவிடும். ஒருநாள் மூன்று மணி நேர டிசைன் அப்படியே போயிற்று. உங்கள் உதவி எண்ணுக்கு ஆறு முறை அழைத்தேன். நான்கு முறை ரீஸ்டார்ட் பண்ணச் சொன்னார்கள், ஒரு முறை ஆன்டிவைரஸை எடுக்கச் சொன்னார்கள், கடைசியில் "உங்க கம்ப்யூட்டர் பத்தாது சார்" என்றார்கள். அந்தக் கம்ப்யூட்டரே நீங்கள் விற்றது என்றதும் லைன் கட்.

கடைசியில் கண்டுபிடித்தது இன்ஜினியரிங் படிக்கும் என் அக்கா பையன். தீபாவளி லீவுக்கு வந்தவன் கணினிக்குப் பின்னால் எட்டிப் பார்த்துவிட்டுச் சிரித்தான். நான் காசு கொடுத்த கிராபிக்ஸ் கார்டு உள்ளே சும்மா கிடக்கிறது. மானிட்டர் கேபிளை உங்கள் ஆள் மதர்போர்டு துளையில் சொருகிவிட்டுப் போயிருக்கிறார். கேபிளை மாற்றியதும் மாடல் கையோடு சுழன்றது. அப்புறம் பில்லில் 32 ஜிபி என்றிருந்த ராம், உள்ளே 16தான். பெரிய கேஸில் இன்னும் அது முட்டுகிறது.

வேகம் போகட்டும், பொறுத்துக்கொள்ளலாம். பொருத்தம் அப்படி இல்லை. ஒற்றைக் கேப் எல்லாம் நன்றாக உட்காருகிறது, எட்டுப் பல் பிரிட்ஜ் மட்டும் வாயில் ஆடுகிறது என்று டாக்டர் திருப்பி அனுப்பினார். புதிதாக ஸ்கேன் எடுத்துச் செய்தேன், அதுவும் ஆடியது. ஜிர்கோனியா என்ற பீங்கான் வகைப் பொருளை 20 முதல் 25 சதவீதம் பெரிதாகக் கடைந்து, 1500 டிகிரி பக்கம் ராத்திரி முழுக்க வேகவைத்துச் சுருக்குகிறோம். அதற்கப்புறம் ஆடினால் குப்பைத் தொட்டிதான், இழுத்து வளைக்க அது மெட்டல் இல்லை. உங்கள் சேவைப் பிரிவோ மாடல் ஊற்றியது சரியில்லை, ஜிப்சம் விரிந்திருக்கும் என்று என் கையைக் குறை சொன்னது. பதினான்கு வருடமாக ஊற்றுகிற கை இது.

நானே சோதித்தேன். ஒரு மாடலில் இரண்டு உலோக ஊசிகள் நட்டு டிஜிட்டல் காலிப்பரில் அளந்தால் 50.02 மில்லிமீட்டர். ஸ்கேனில் 50.13. மூன்று முறை எடுத்தும் அதே கதை. அந்தக் கணக்கில் 8 மில்லிமீட்டர் கேப்பில் பிழை 18 மைக்ரான்தான், சிமென்டுக்கு விடும் 50 மைக்ரான் இடைவெளி அதை விழுங்கிவிடும். முன்பல்லிலிருந்து கடைவாய் வரை போகும் பிரிட்ஜில் 100 மைக்ரானைத் தாண்டும், ஆடாமல் என்ன செய்யும்? காரணமும் கிடைத்தது. காலிப்ரேஷன் தட்டின் முதுகில் உள்ள எண்ணும், மென்பொருளில் ஏற்றியிருக்கும் தட்டுக் கோப்பின் (அந்தந்தத் தட்டின் அளவுகள் உள்ள கோப்பு) எண்ணும் வேறு வேறு. யாருடைய தட்டோ என்னிடம் இருக்கிறது, என்னுடையது இன்னொரு லேப்பில் இருக்கலாம். அங்கேயும் பிரிட்ஜ் ஆடிக்கொண்டிருக்கும், அவரையும் கொஞ்சம் விசாரியுங்கள்.

உங்கள் கையேட்டில் பல் ஸ்கேனர்களின் துல்லியத்தைச் சோதிக்கும் ஐஎஸ்ஓ 12836 முறையில் 5 மைக்ரான் துல்லியம் என்று கொட்டை எழுத்தில் இருக்கிறது. அளவு தெரிந்த சோதனைத் துண்டில், சரியான தட்டோடு எடுத்த எண்ணாக இருக்கும். எனக்கு நீங்கள் விற்றது அந்த நிலையில் இல்லை.

எனவே, சரியான தட்டும் அதன் கோப்பும் இந்த வாரத்துக்குள் வேண்டும். பில்லில் உள்ளபடி 32 ஜிபி ராம் வேண்டும். இரண்டு பிரிட்ஜுக்கும் ஆன ஜிர்கோனியா பிளாக், மில்லிங் செலவு 11,400 ரூபாய் வேண்டும். பில் நகல்கள் இணைத்திருக்கிறேன். வாரன்டியையும் தட்டு மாறும் நாளிலிருந்து கணக்கிட வேண்டும். தொழிலுக்கு வாங்கியது, நுகர்வோர் ஆணையத்துக்கெல்லாம் போக முடியாது என்று உங்கள் ஆள் போனில் சொன்னார். சுயதொழில் செய்து பிழைப்பதற்காக வாங்குகிறவரும் நுகர்வோர்தான் என்று 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்திலேயே இருக்கிறது. அந்த மேசையில் உட்கார்ந்து டிசைன் பண்ணுவது நான்தான்.

ஆள் அனுப்பும்போது ஒற்றைக் கேப் டை கொண்டுவர வேண்டாம் என்று சொல்லுங்கள். ஊசி நட்ட மாடலும், ஆடிய இரண்டு பிரிட்ஜும் மேசையிலேயே இருக்கின்றன. அதில் ஸ்கேன் எடுத்துக் காட்டட்டும்.

இப்படிக்கு,
பல் லேப் உரிமையாளர்,
மதுரை.