தூண்டில்காரர்களையும் கேட்டபின் விதி வகுக்க வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நம் கடலின் மீன்வளம் பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம் விசைப்படகும் இழுவலையும் சுருக்குமடியுமே முன்னே வந்து நிற்கின்றன. பிடிப்பின் பெரும்பகுதி அவற்றிடமே இருப்பதால் அதில் தவறில்லை. ஆயினும் முட்டுக்காடு முகத்துவாரம், கோவளம், எண்ணூர், பாம்பன், தூத்துக்குடி எனக் கரையெங்கும் பிழைப்புக்காக அன்றி விருப்பத்துக்காகத் தூண்டில் போடும் எங்களைப் போன்றோரின் கூட்டம் பெருகி வருவதையும் இனிக் கணக்கில் கொள்ள வேண்டும். மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் படகுகள் மீனை இறக்கும் இறங்குதளங்களில் மாதிரி எடுத்தே நாட்டின் பிடிப்பை மதிப்பிடுகிறது. நாங்கள் பிடிக்கும் மீன் இறங்குதளத்தின் பக்கமே வராமல் நேரே வீட்டுச் சமையலறைக்குப் போய்விடுகிறது. இனப்பெருக்கத்தைக் காக்கும் நோக்கில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விதிக்கப்படும் 61 நாள் தடையும் விசைப்படகுகளுக்கே உரியது. அந்நாட்களிலேயே கோடை விடுமுறையும் வருவதால், பாறைகளின் மீது எங்கள் கூட்டம் கூடுதலாகவே காணப்படுகிறது.

எனவே எங்களுக்கும் கட்டுப்பாடு வேண்டும் என்பதை முதலில் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் எத்தகைய கட்டுப்பாடு என்பதை, நாங்கள் எதற்காகக் கடலுக்கு வருகிறோம் என்று கேட்டறியாமல் முடிவு செய்ய இயலாது. ஒரே பாறையில் நிற்பவர்களுக்குள்ளேயே நோக்கங்கள் வேறுபடுகின்றன. உயிர் இறாலைக் கோத்துப் போட்டுவிட்டுப் பொறுமையாக அமர்ந்திருக்கும் பெரியவருக்கு, அன்றைய குழம்புக்கு இரண்டு மீன் கிடைத்தால் போதும். அவர் அருகே விலையுயர்ந்த ராடும் ரீலும் கொண்டு, நீரின் மேல் துள்ளும் ‘பாப்பர்’ என்ற செயற்கை இரையை வீசிக்கொண்டிருக்கும் இளைஞருக்கு மீன் உண்ணும் எண்ணமே இருக்காது. பெரிய பாரை ஒன்றுடன் மல்லுக்கட்டி, படம் எடுத்து, திரும்ப விட்டுவிடுவதே அவர் விருப்பம். வேலைச் சுமையிலிருந்து விடுபட்டு நண்பர்களோடு கடற்காற்றில் நிற்பதற்காகவே வருகிறவர்களும் பலர். மீன் கடிக்காவிட்டாலும் அவர்கள் குறைபட்டுக்கொள்வதில்லை.

நாளொன்றுக்கு இத்தனை மீன் என்று உச்சவரம்பு விதித்தால் அது முதியவரைத் தொடுமே தவிர, இளைஞரைத் தொடாது. இளைஞரால் விளையும் கேடு எண்ணிக்கையில் இல்லை, மீனைக் கையாளும் முறையில் இருக்கிறது. சுடும் பாறையில் மீனைக் கிடத்துவதும், உலர்ந்த துணியால் பிடித்து உடலின் வழுவழுப்புப் படலத்தைத் துடைத்துவிடுவதும், கனத்த மீனைச் செவுளில் விரல் கொடுத்துச் செங்குத்தாகத் தூக்குவதும் அன்றாடக் காட்சிகள். ஆழத்திலிருந்து வேகமாக மேலே இழுக்கப்படும் களவாவின் நிலை இன்னும் பரிதாபமானது. அதன் காற்றுப்பை உப்பி, வயிறு வாய்வழியே பிதுங்கி, கண்கள் வெளியே தள்ளி நிற்கும். விட்டுவிட்டோம் என்று நாம் நிம்மதி அடையலாம். அதுவோ மூழ்க இயலாமல் மல்லாந்து மிதந்து பருந்துக்கு இரையாகிறது. இத்தகைய மீனை ஈயக்குண்டின் எடையோடு ஆழத்துக்கே இறக்கி விடுவிக்கும் கருவிகள் உள்ளன. மெக்சிகோ வளைகுடாவில் பவளப்பாறை மீன்களைப் பிடிக்கச் செல்லும் படகுகள் இத்தகைய கருவியையோ காற்றை வெளியேற்றும் ஊசியையோ ஆயத்தமாக வைத்திருக்க வேண்டும் என்ற சட்டம் அமெரிக்காவில் 2022-ல் நடைமுறைக்கு வந்தது. பிடித்து விடுபவர்கள் மிகுந்த இடத்தில் இது போன்ற விதியே பயன் தரும்.

போட்டிக் கோப்பைக்காகவும் படத்துக்காகவும் பெரிய மீனையே தேடும் ஆர்வம் மற்றொரு சிக்கலையும் கொண்டுவருகிறது. கொடுவா முதலில் ஆணாக முதிர்ந்து, வளர்ந்தபின் பெண்ணாக மாறும் மீன். ஆகவே பெரிய கொடுவாக்களில் பெரும்பாலானவை முட்டையிடும் தாய்மீன்கள். களவா இனங்கள் பலவற்றில் இது தலைகீழாக, பெண்ணாகத் தொடங்கி ஆணாக மாறும். கேரள அரசு 58 இனங்களுக்குப் பிடிக்கத்தக்க குறைந்தபட்ச அளவை அறிவித்திருப்பது பாராட்டுக்குரியது. ஆனால் எங்களைப் போன்றோரைப் பொறுத்தவரை குறைந்தபட்ச அளவு மட்டும் போதாது. ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் 58 செ.மீ.க்குக் குறைவான கொடுவாவை மட்டுமல்ல, 120 செ.மீ.க்கு மேற்பட்டதையும் கடலுக்கே விட்டுவிட வேண்டும். 1997-ல் கொடுவாவைச் செயற்கை முறையில் இனப்பெருக்கம் செய்து காட்டிய மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு நிறுவனம் சென்னையிலேயே இருக்கும்போது, நம் கடலுக்கு ஏற்ற மேல்வரம்பை வகுக்க அறிவுக்குப் பஞ்சமில்லை.

நோக்கம் அறியாமல் இடும் தடை, மக்களின் நம்பிக்கையையும் இழக்கச் செய்யும். மெக்சிகோ வளைகுடாவில் அமெரிக்க மத்திய அரசின் பொறுப்பிலுள்ள கடற்பகுதியில், 2017-ல் தனியார் படகுகளில் செல்லும் பொழுதுபோக்குத் தூண்டில்காரர்களுக்குச் செஞ்சங்கரா (ரெட் ஸ்னாப்பர்) மீன் பிடிக்க முதலில் வெறும் 3 நாட்களே ஒதுக்கப்பட்டன. எதிர்ப்பு கிளம்பிய பின் அது பல வாரங்களுக்கு நீட்டிக்கப்பட்டது. ஓய்வுக்காக வருகிறவர் அளவு விதியையும் விடுவிக்கும் முறையையும் மனமாரக் கடைப்பிடிப்பார். கடற்கரைக்கே வராதே என்றால்தான் அவருக்கு அது அநீதியாகப் படும்.

மீனவச் சகோதரர்களின் மனக்குறை ஒன்றையும் இங்கே பதிவு செய்ய வேண்டும். பொழுதுபோக்கு என்று வந்தவர்களில் சிலர், இரைக்கும் பெட்ரோலுக்கும் செலவானதை ஈடுகட்டுவதாகச் சொல்லிப் பிடித்த மீனை விற்கிறார்கள். ஐ.நா. உணவு மற்றும் வேளாண்மை அமைப்பு 2012-ல் வெளியிட்ட வழிகாட்டு நெறிகளின்படி, பொழுதுபோக்கு மீன்பிடிப்பு பொதுவாக விற்பனைக்கானது அன்று. இந்த எல்லையை நம் மாநிலமும் தெளிவாக வரைந்து, விற்பனையைத் தடுக்க வேண்டும். அதே வேளையில் தூண்டில்காரர்களை ஏற்றிச் செல்லும் வள்ளங்களுக்கு முறையான அனுமதி வழங்கினால், அந்த வருமானம் கரையோரக் குடும்பங்களுக்கே சேரும்.

மீன்வளத் துறையும் தூத்துக்குடி மீன்வளக் கல்லூரியும் இணைந்து, அடுத்த ஏப்ரல் 15-க்கு முன்பாகக் கரையோர மாவட்டங்களில் ஒரு நேரடிக் கணக்கெடுப்பைத் தொடங்க வேண்டும் எனக் கேட்டுக்கொள்கிறேன். என்ன பிடித்தீர்கள் என்பதோடு எதற்காக வருகிறீர்கள், எதை விடுவிக்கிறீர்கள், எந்த விதியை ஏற்பீர்கள் என்பவற்றையும், பாறைக்கும் பாலத்துக்கும் நேரில் வந்து தமிழிலேயே கேட்க வேண்டும். இணையத்தில் மட்டும் படிவத்தை வெளியிட்டால் குழம்புக்கு மீன் பிடிக்கும் பெரியவர் அதில் இடம்பெறவே மாட்டார்.

இப்படிக்கு,
கடல் தூண்டில்காரர் ஒருவர்,
சென்னை